எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன்

ஐப்பசி மழை நாலு நாள் சேர்ந்தாற்போலப் பிடித்துக்கொண்டால், சென்னை வீடுகளில் முதலில் சேதி சொல்வது அடுப்படி உப்பு ஜாடிதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மக்னீசியம் உப்புகள் கலந்த கல் உப்பு அதற்கு முன்னதாகவே நீர்த்துவிடும். அடுத்த வாரம் பீரோவைத் திறந்தால் முக்கல் வாடை அடிக்கிறது. பட்டுப்புடவை மடிப்பில் வெள்ளைப் புள்ளி, தோல் செருப்பின் மேல் பச்சைப் படலம், கட்டிலை நகர்த்தினால் பின்சுவரில் கறுப்புத் திட்டு.

அந்தத் திட்டைப் பார்த்த அன்றே பல வீடுகளில் கைபேசியை எடுத்து, காற்றின் ஈரத்தை இழுக்கும் இயந்திரமான டீஹியூமிடிஃபையர் தேடுகிறார்கள். தேட வேண்டியதுதான். இதைப் பணக்காரர்களின் ஆடம்பரம் என்று ஒதுக்குவது தவறு. ஈரம் பிடித்த, பூஞ்சை படர்ந்த வீடுகளில் வாழ்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா தொல்லை கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது. ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பாட்டியும் பேரனும் ஒரே ஈரச் சுவரை ஒட்டிப் படுக்கும்போது இது உடல்நலப் பிரச்சினை. ஆனால் தேடியவர்களுக்குக் கிடைக்கும் தகவல்தான் கவலை தருகிறது. ‘தினம் 500 மில்லி’, ‘தினம் 12 லிட்டர்’, ‘300 சதுர அடிக்கு ஏற்றது’ என்று எண்கள் வரிசை கட்டுகின்றன. அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்பது பெரும்பாலும் எங்கேயோ பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சுமார் 34 கன மீட்டர் காற்று இருக்கும். மழை நாளில் வெப்பநிலை 25 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். இதை 55 சதவீதத்துக்குக் கொண்டுவர அந்தக் காற்றிலிருந்து எடுக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 235 மில்லி. ஒரு பெரிய டம்ளர் அளவுதான்.

அப்படியென்றால் 12 லிட்டர் இயந்திரம் எதற்கு? அறை மூடிய டப்பா இல்லையே. கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியாக மணிக்கு ஒரு தடவை அறைக்காற்று முழுவதும் மாறினால், எடுத்த டம்ளர் தண்ணீர் ஒவ்வொரு மணியும் வெளிக்காற்றோடு திரும்ப வந்துவிடும். நாள் முழுக்கக் கூட்டினால் ஐந்தரை லிட்டர். இது போக மெத்தை, துணி, மரச்சாமான், சுவர் எல்லாம் பல வாரமாகக் குடித்து வைத்த ஈரத்தைக் காற்று காயக் காய வெளியே விடும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இயந்திரத்தை ஓட்டுபவர் தெருவைக் காயவைக்கும் வேலையைத்தான் செய்கிறார்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இணையச் சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் கையடக்க ரகத்தைப் பார்க்க வேண்டும். உயரம் ஓரடிகூட இருக்காது, சத்தமே வராது, விலை சில ஆயிரம் ரூபாய். இவற்றில் பெரும்பாலானவை 1834இல் பிரெஞ்சு ஆய்வாளர் பெல்டியர் கண்ட விளைவில் ஓடுபவை: மின்சாரம் பாய்ந்தால் சின்னத் தகட்டின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். குளிர்ந்த பக்கத்தில் நீர் சொட்டும். அறிவியலில் பழுதில்லை, அளவில்தான் பழுது. நாள் முழுக்க ஓடி 300 மில்லி எடுக்கும் கருவி, மேலே சொன்ன அறையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் இடுக்கு வழியே வந்து சேரும் ஈரத்தைக்கூடச் சமாளிக்காது. மின்செலவும் குறைவில்லை. ஒரு லிட்டர் எடுக்க இது சுமார் இரண்டு யூனிட் தின்னும். கம்ப்ரஸர் வைத்த இயந்திரம் நல்ல ஈரமான, வெதுவெதுப்பான காற்றில் அதே லிட்டரை ஏறக்குறைய அரை யூனிட்டில் எடுத்துவிடும்.

கேமரா லென்ஸில் பூஞ்சை வராமல் காக்கும் சிறு பெட்டிக்கும், இறுக மூடும் செருப்பு அலமாரிக்கும் பெல்டியர் கருவி போதும். அதைப் ‘படுக்கையறைக்கு ஏற்றது’ என்று எழுதி விற்பது வாங்குபவரை ஏமாற்றும் வேலை. இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். பணத்தை எண்ணிச் செலவழிக்கிற குடும்பம்தான் மலிவானதை எடுக்கிறது. ஒரு மழைக்காலம் முழுவதும் ஓட்டிவிட்டு, சுவர்த் திட்டு அப்படியே இருப்பதைக் கண்டு, இந்த மாதிரி இயந்திரமே வேஸ்ட் என்ற முடிவுக்கு வருவதும் அதே குடும்பம்தான்.

பீரோவுக்குள் மட்டும்தான் தொல்லை என்றால் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் நல்ல மலிவான வழி. மின்சாரம் வேண்டாம், உப்பு ஈரத்தை இழுத்து அடித்தட்டில் நீராகச் சேர்க்கும். சேர்ந்த நீர் அரிக்கும் தன்மையுள்ளது. தோல் பையிலோ சலவைக்கல்லிலோ கொட்டிவிடக் கூடாது, குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

முழு அறைக்கு வேண்டுமானால் கம்ப்ரஸர் ரகம். உள்ளே நடப்பது ஃபிரிட்ஜில் நடப்பதேதான்: குளிர்ந்த குழாயின் மேல் காற்று பட்டு நீர் சொட்டும், காய்ந்த காற்று சூடான குழாயைக் கடந்து அறைக்கே திரும்பும். பெட்டி மேல் எழுதிய லிட்டர் விவகாரம் இந்த ரகத்தில்தான் பெரிதாகிறது. பல தயாரிப்புகளில் 12 லிட்டர் என்பது 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரம் என்ற நிலையில் அளந்த எண். அதே இயந்திரத்தை 20 டிகிரி அறையில், 60 சதவீத ஈரத்தில் வைத்தால் பாதிகூடத் தேறாது.

அளவு முறை மாறினால் எண் எப்படி விழும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே 2019 வரை வீட்டு டீஹியூமிடிஃபையர்களை 26.7 டிகிரியில் சோதித்தார்கள். பெரும்பாலானவை குளிர்ந்த நிலவறைகளில் ஓடுகின்றன என்பதால் அந்த ஆண்டு சோதனை வெப்பநிலையை 18.3 டிகிரிக்கு இறக்கினார்கள். அதுவரை 70 பைண்ட், அதாவது 33 லிட்டர் என்று விற்ற இயந்திரம் ஒரே நாளில் 50 பைண்ட், ஏறக்குறைய 24 லிட்டர் ஆனது. இயந்திரத்தில் ஒரு திருகுகூட மாறவில்லை. ஏசி, ஃபிரிட்ஜ் மேலுள்ள நட்சத்திரச் சீட்டைப் பார்த்து வாங்க நம் மக்கள் நன்றாகவே பழகியிருக்கிறார்கள். டீஹியூமிடிஃபையர் பெட்டியின் மேலும் எந்த வெப்பநிலையில், எந்த ஈரத்தில், எத்தனை லிட்டர், லிட்டருக்கு எத்தனை யூனிட் என்பது பெரிய எழுத்தில் தமிழிலும் இருந்தாக வேண்டும். விற்பவர்களின் நல்ல மனதுக்கு இதை விட்டுவிடக் கூடாது. சட்டம் போட்டுக் கட்டாயமாக்க வேண்டும்.

இனி ஊரைப் பார்க்கலாம். ஊர் தெரியாமல் இயந்திரம் வாங்குவது வீண்.

சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி என்று கடலோரத்தில் வெயில் காலத்துப் பிசுபிசுப்புக்கு டீஹியூமிடிஃபையர் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. காரணம் எளிது. 250 வாட் இழுக்கும் இயந்திரம் மணிக்கு அரை லிட்டர் எடுக்கும்போது, இழுத்த மின்சாரம் மொத்தமும் வெப்பமாகும். ஆவி நீராக மாறும்போது விடும் வெப்பமும் அதோடு சேரும். இரண்டும் கூடினால் அறைக்குள் 600 வாட் ஹீட்டர் ஒன்று ஓடுவதற்குச் சமம். மே மாத இரவில் யாரும் தாங்க மாட்டார்கள். வீட்டில் ஏசி இருந்தால் அதிலேயே ‘டிரை’ பொத்தான் இருக்கிறது. ஏசி அந்த வெப்பத்தை வெளியே தள்ளிவிடுகிறது. ஏசி பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காராமல் போயின. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வரைந்த திட்டத்திலிருந்துதான் இன்றைய ஏசி வளர்ந்தது.

இன்னொன்று, ஏர் கூலர். அது தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்ச்சி தருகிறது. காய்ந்த காற்றுள்ள உள்மாவட்டங்களில் கோடைக்கு நல்ல துணை. கடலோரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூலரை ஓட்டிவிட்டு, சுவர் பூத்துவிட்டதென்று டீஹியூமிடிஃபையர் தேடுவதில் பொருளே இல்லை.

கடலோரத்திலும் இந்த இயந்திரம் கைகொடுக்கும் காலம் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழையின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வாரங்கள். அப்போது வெப்பம் 24, 25 டிகிரிக்கு இறங்கிவிடும், ஈரம் 90ஐத் தொடும். ‘டிரை’ போட்டால் அறை சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடுகிறது, ஈரம் ஏறத் தொடங்குகிறது. போர்வை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே தவிரத் துணி காயவில்லை. இரண்டு டிகிரி சூட்டை யாரும் குறை சொல்லாத அந்த நாட்களில், மூடிய ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கம்ப்ரஸர் இயந்திரம் உண்மையிலேயே உழைக்கும். ஒரே அறையில் கொடி கட்டி, கதவைச் சாத்தி, துணியையும் அதையும் சேர்த்து விட்டால் பள்ளிச் சீருடை காலைக்குள் காய்ந்துவிடும். மிருதங்கம், வயலின் வைத்திருக்கும் வீடுகளுக்கும் இது பெரிய நிம்மதி.

மலைக்கு வந்தால் கதையே வேறு. ஊட்டி, கூடலூர், வால்பாறையில் தென்மேற்குப் பருவம் மாதக்கணக்கில் நிற்கும். அறை வெப்பம் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே. பதினைந்து டிகிரிக்குக் கீழே கம்ப்ரஸர் ரகத்தின் குளிர்க்குழாயில் பனி படியும். இயந்திரம் அடிக்கடி நின்று அந்தப் பனியை உருக்க வேண்டியிருக்கும். கோவைக் கடையில் 12 லிட்டர் என்று வாங்கி மலையேற்றியது அங்கே நாலைந்து லிட்டருக்கே திணறும். குளிருக்கேற்றது வேறு வகை. ஜியோலைட் என்ற கனிமம் பூசிய சக்கரம் மெல்லச் சுழன்று ஈரத்தை இழுக்க, உள்ளிருக்கும் ஹீட்டர் அதைச் சூடாக்கி நீரைப் பிரிக்கும். ஐந்து டிகிரியிலும் தளராது. மின்சாரம் அதிகம் பிடிக்கும், வெளிவிடும் காற்று சுடும். ஊட்டி வீட்டில் அந்தச் சூடு வேண்டியதே.

மலைவீட்டுக்காரர்கள் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 18 டிகிரியில் 90 சதவீத ஈரமுள்ள காற்றை 24 டிகிரிக்குச் சூடாக்கினாலே, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுக்காமல், ஈரப்பதம் சுமார் 62 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்றுக்கு நீரைத் தாங்கும் கொள்ளளவு அதிகம். பழைய தோட்ட பங்களாக்களில் கணப்படுப்பு எரிந்த அறை மட்டும் பூக்காமல் இருந்ததன் காரணம் இதுதான். ஒரு சாதாரண ரூம் ஹீட்டரும், மூடிய கதவும், பகலில் வெயில் எட்டிப்பார்க்கும் அரை மணி நேரம் திறந்த ஜன்னலும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

எந்த ஊராக இருந்தாலும், இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் சில நூறு ரூபாயை முதலில் ஈரப்பதமானிக்குக் கொடுப்பது நல்லது. அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு சின்ன மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு ஜிப் கவரில் இறுக மூடி ஓர் இரவு வைத்தால் போதும். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் ஐந்தைக் கழித்துப் படித்துக்கொள்ளலாம். பிறகு அந்த மானியை ஒரு வாரம் அறை அறையாக வைத்துப் பார்க்க வேண்டும். வீடு முழுக்க 80 என்றால் காற்றின் ஈரம். ஒரு மூலையில் மட்டும் ஏறினால் அங்கே தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது.

அந்தத் தண்ணீரைக் கண்டுபிடிக்காமல் வாங்கும் எந்த இயந்திரமும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோலத்தான். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குப் பட்டையாகச் சுண்ணாம்பு உதிர்ந்து, உப்புப் பூத்திருந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம். குளியலறைக்கு மறுபக்கச் சுவரில், அதுவும் பீரோ ஒட்டி நிற்கும் இடத்தில் மட்டும் நனைந்திருந்தால் குழாயிலோ டைல்ஸ் இணைப்பிலோ கசிவு. சந்தேகமாக இருந்தால் ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, கொத்தனாரையும் பிளம்பரையும் கூப்பிட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம்.

வாடகை வீடுகளில் நடப்பது வேறு. ஓதச் சுவர் மேல் புட்டி இழுத்து, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்து, புதுசுபோலக் காட்டி ஆளை வைத்துவிடுகிறார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் ஆறு மாதத்தில் பெயின்ட்டை ஊதித் தள்ளுகிறது. சுவர் சரிசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. அதைக் குடியிருப்பவர் தலையில் இயந்திரமாகவும் கரண்ட் பில்லாகவும் கட்டுவது அநியாயம்.

நம் கையிலேயே இருக்கும் ஈரமும் கொஞ்சமில்லை. சமையல் எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் ஏறக்குறைய 22 லிட்டர் தண்ணீரை அடுப்படிக் காற்றில் விட்டிருக்கும். சோறு வடிப்பது, இட்லி வேகவைப்பதெல்லாம் இதற்கு மேல். மெஷின் சுற்றிப் பிழிந்த ஐந்து கிலோ துணியில்கூட இரண்டு லிட்டருக்கு மேல் நீர் தங்கியிருக்கும். அதை ஹாலில் ஃபேனுக்குக் கீழே காயவைத்தால் அத்தனையும் வீட்டுக்குள்தான். அடுப்படியிலும் குளியலறையிலும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், குளித்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிட்டால், மிகக் குறைந்த மின்செலவில் பெரிய வேலை செய்யும். இதையெல்லாம் செய்தும் மானி 70க்குக் கீழே இறங்கவில்லை என்றால், அப்போது இயந்திரத்துக்குப் போகலாம்.

வாங்கும்போது லிட்டரைவிடக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குறித்த ஈரப்பதம் வந்ததும் தானே நிற்கும் வசதி கட்டாயம் வேண்டும். அதை 55 அல்லது 60இல் வைத்தால் பூஞ்சைக்குப் போதும். 40க்கு இறக்கினால் கரண்ட் எகிறும், பலன் கூடாது. பக்கவாட்டில் குழாய் மாட்டி நேராகக் குளியலறைத் தண்ணீர்ப் போக்கில் விடும் வழி இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டு லிட்டர் தொட்டி நடுராத்திரியில் நிரம்பி இயந்திரம் நின்றுவிட்டால் விடிய விடிய ஈரம் ஏறும். ஒற்றை அறை வீட்டில் அதன் பக்கத்திலேயே படுக்க வேண்டும் என்பதால், வாங்கும் முன் கடையில் ஓடவிட்டுச் சத்தம் கேட்பதும் அவசியம்.

மின்கட்டணத்தையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். 250 வாட் இயந்திரம் தினம் எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு இரண்டு யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 120 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், 500ஐத் தாண்டினால் கணக்கிடும் அடுக்கே மாறிவிடுகிறது. ஏற்கெனவே 400ஐத் தொட்டு நிற்கும் குடும்பத்துக்கு இந்த 120 யூனிட்டின் சுமை, எண் காட்டுவதைவிட அதிகம்.

பாதுகாப்பைச் சொல்லாமல் விடக் கூடாது. 2013இல் அமெரிக்காவில், சீனாவின் கிரீ நிறுவனம் தயாரித்துப் பல பெயர்களில் விற்ற 20 லட்சத்துக்கும் அதிகமான டீஹியூமிடிஃபையர்கள் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தால் திரும்பப் பெறப்பட்டன. ஆளில்லாத வீட்டில் நாள் முழுக்க ஓடும் கருவி இது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் செருகாமல் எர்த் உள்ள சுவர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும், திரைச்சீலையை ஒட்டி வைக்கக் கூடாது, மாதம் ஒரு முறை தூசு வடிகட்டியைக் கழுவ வேண்டும்.

சேரும் நீர் பார்க்கக் கண்ணாடிபோல இருந்தாலும் குடிக்க உதவாது. அறைத் தூசும் குழாயின் உலோகத் துகளும் அதில் கலந்திருக்கும். தரை துடைக்க, கழிப்பறையில் ஊற்றப் பயன்படும். குழாய் மாட்டாமல் தொட்டியில் பிடிப்பவர்கள் தினம் கொட்டி, வாரம் ஒரு முறை ஓரங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும். மழைக்காலத்தில் வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் ஃபிரிட்ஜின் பின்தட்டையும் ஏசி வாளியையும் எட்டிப் பார்க்கிறார்கள். இனி டீஹியூமிடிஃபையர் தொட்டியையும் உருவிப் பார்க்கும்படி உள்ளாட்சி அமைப்புகள் அவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.